எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?

“எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்” என்று நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். கேட்டால் சிரிப்போம். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று நினைப்போம். ஆனால் தோழர்களே, உங்கள் வீட்டு அடுப்படியை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். மருந்தடிக்கப் போனவர் ஸ்டோரிலிருந்து சின்னப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்த மருந்து, சமையல் எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிறதா? செம்பனைக் காட்டில் எலிக்குப் போடுகிற விஷக் கட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறதா? ஆமாம் என்றால் அந்தப் பழமொழி நமக்காகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

சம்பளம், போனஸ், ஒப்பந்தம் என்று எழுதுகிற சங்கக்காரனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. நாள் முழுவதும் வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சம்பாதிக்கிற காசு கடைசியில் போய்ச் சேருகிற இடம் அடுப்படி. நம் பிள்ளைகள் உருவாகிற இடமும் அதுதான். அங்கே எலியும் கரப்பானும் ஒரு பக்கம், விஷம் மறு பக்கம் என்று இருந்தால், சம்பளம் எத்தனை வெள்ளி ஏறினாலும் குடும்பம் விளங்காது.

நான் சொல்ல வந்தது இரண்டே செய்தி. ஒன்று, தோட்டத்து விஷம் வீட்டுப் படி ஏறக்கூடாது. இரண்டு, வீட்டில் எலி ஓடினால் “பொம்பளைக்கு வீட்டைச் சுத்தமா வெச்சிக்கத் தெரியல” என்று பழி போடுகிற பேச்சை விட வேண்டும். சுவரில் ஓட்டையும் கூரையில் இடுக்கும் இருக்கிற வீட்டில், துடைப்பம் தேய்ந்து போகுமே தவிர எலி போகாது.

எலி எங்கிருந்து வருகிறது?

நம் பாட்டன் காலத்தில் ஜொகூர்த் தோட்டங்கள் பெரும்பாலும் பால்மரத் தோட்டங்கள். 1960களுக்குப் பிறகு பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இன்று குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கூலாய், கோத்தா திங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

பால்மரம் எலிக்குப் பெரிதாகச் சோறு போடாது. செம்பனை அப்படியல்ல. ஆண்டு பன்னிரண்டு மாதமும் பழுக்கும். குலையில் இருக்கிற பழத்தையும் எலி கடிக்கும், கீழே கிடக்கிற உதிரிப் பழத்தையும் இழுத்துக்கொண்டு போகும். வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் அதற்கு வீடு. சாப்பாடும் வீடும் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்தக் குடும்பம்தான் பெருகாது? காட்டு எலி, வயல் எலி மட்டுமல்ல, வீட்டு எலியே செம்பனைக் காட்டுக்குள் குடியேறிவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் வீட்டைப் பாருங்கள். பல தோட்டங்களில் லயத்துப் பின்கட்டுக்கும் முதல் செம்பனை மரத்துக்கும் இடையில் பத்தடி இருந்தால் அதிகம். நடுவில் ஒரு சாக்கடை. சிமெண்டு பெயர்ந்த தரை. பலகைச் சுவரில் இடைவெளி. கட்டைவிரல் நுழைகிற ஓட்டை இருந்தால் போதும், குட்டி எலி உள்ளே வந்துவிடும். காட்டில் மருந்து வைத்தாலும், மட்டைக் குவியலைக் கலைத்தாலும், மழை வந்து வளையில் தண்ணீர் ஏறினாலும் அது ஓடி வருகிற இடம் நம் அடுப்படிதான்.

ஆக, எலியை வளர்த்தது யார்? நம் வீட்டுப் பெண்களா? நடு ராத்திரியில் எலியை அவர்கள் கூப்பிடவில்லை. “எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும்” என்று சொந்த வீட்டுக்கு ஏங்குகிறவர்கள் நாம். நாம் இருக்கிற வீட்டையே எலி தன் வளையாக எடுத்துக்கொண்டதுதான் வேடிக்கை.

555 புத்தகமும் அரிசி மூட்டையும்

டவுனில் இருப்பவர்கள் வேண்டியபோது வேண்டியதை வாங்குகிறார்கள். இரண்டு கிலோ அரிசி, ஒரு பொட்டலம் மாவு, அரைக் கிலோ வெங்காயம். உள்காட்டுத் தோட்டத்தில் அது நடக்குமா? பஸ் கிடையாது. மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய்வர எண்ணெய்க் காசு தனி. அதனால் சம்பளம் போட்டவுடன் மாதச் சாமானை மொத்தமாக வாங்கி அடுக்குகிறோம். அரிசி மூட்டை, கோதுமை மாவு, சீனி, பருப்பு, காய்ந்த மிளகாய், கருவாடு, பிஸ்கட் டின்.

காசு பற்றாதவர்களுக்குக் கடைக்காரரின் 555 புத்தகம் இருக்கிறது. அந்தச் சின்னப் புத்தகம் எத்தனை குடும்பத்தின் கதையைச் சொல்லும்! மாதம் முழுவதும் எழுதுவார்கள், சம்பள நாளில் கழிப்பார்கள், மறுநாளே மறுபடி எழுத ஆரம்பிப்பார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூட்டையின் அடியை எலி கடித்து இரண்டு மூன்று கிலோ அரிசி வீணானால், கடைக்காரர் அதைக் கணக்கில் கழிப்பாரா? எலி தின்ற அரிசிக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். வண்டு விழுந்த மாவுக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் எலிக்கும் ஒரு பங்கு போகிறது என்றால் யாருக்குத்தான் மனசு ஒப்பும்?

சாமான் வாங்குவதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளப் பணத்தை எந்தக் கடையில், யாரிடம், எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. “தோட்டத்துக் கடையில்தான் வாங்கணும்” என்று யாராவது மிரட்டினால், அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து டவுனுக்குப் போய் வாங்கினால், வண்டிக் காசும் பங்காகும், விலையும் பார்த்து வாங்கலாம். மாதத்துக்கு ஒரு தடவை வாங்குவதை இரண்டு தடவையாக்கினால் வீட்டில் குவிந்து கிடக்கிற சாமானும் பாதியாகும். எலிக்கும் வண்டுக்கும் வேலை குறையும்.

வாங்கி வந்ததை வைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். மூட்டையைத் தரையில் சாய்த்து வைக்காதீர்கள். இறுக்கமான மூடி போட்ட டின்னிலோ கெட்டியான பிளாஸ்டிக் டிரம்மிலோ கொட்டி, ஒரு பலகை மேல் வையுங்கள். பழைய அரிசி அடியில் இருக்கும்போதே புது அரிசியை மேலே கொட்டினால், பழையதில் இருக்கிற வண்டு புதியதில் ஏறிக்கொள்ளும். பழையதைத் தீர்த்து, டின்னைத் துடைத்து, வெயிலில் காயவைத்துப் பிறகு கொட்டுங்கள். பருப்பையும் மிளகாயையும் அவ்வப்போது வெயில் காட்டுங்கள். இதெல்லாம் நம் அம்மாமார்களும் பாட்டிமார்களும் செய்ததுதான். பவுடர் எதுவும் போடாமலே அவர்கள் அரிசியைக் காப்பாற்றினார்கள்.

பலகாரச் சட்டியும் அலமாரிக் காலும்

தீபாவளி நெருங்கினால் லயத்தில் ஒரு வாசனை வரும். ஒரு வீட்டில் முறுக்கு பிழிவார்கள், அடுத்த வீட்டில் அச்சு முறுக்கு, இன்னொரு வீட்டில் நெய் உருண்டை. இப்போது வீட்டுக்கு வீடு ஓவன் வந்துவிட்டது. நம் அம்மாக்கள் காலத்தில் கீழே கரி, தகர மூடிக்கு மேலேயும் கரி போட்டுக் கேக் சுட்டார்கள். முட்டையைச் சுருள் கம்பியால் அடித்து அடித்துக் கை வலித்துப் போகும். அடிக்கிற வேலை பிள்ளைகளுக்கு, சட்டியை வழித்துத் தின்கிற உரிமையும் பிள்ளைகளுக்கே.

அந்தப் பலகாரத்தைக் காப்பாற்றத்தான் பெரிய போராட்டம். கேக்குக்கு எறும்பு, பிஸ்கட்டுக்குக் கரப்பான், முறுக்கு டின்னுக்கு எலி. எறும்பு ஏறக்கூடாது என்று சாப்பாட்டு அலமாரியின் நாலு காலையும் நாலு டின்னில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வைப்பது நம் பழைய வழக்கம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நாலு டின் தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. தேங்கி நிற்கிற சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். எறும்பைத் தடுக்கப் போய் டெங்கியை வீட்டுக்குள் வளர்த்த கதையாகிவிடும். 1975-ம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டப்படி, சுகாதார அதிகாரி வந்து பார்த்துக் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு. எறும்பு போனது, வெள்ளியும் போனது!

இதற்கு வழி சுலபம். டின்னில் தண்ணீருக்குப் பதிலாக உப்பைக் கொட்டி வையுங்கள். தண்ணீர்தான் வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை கொட்டி, டின்னின் உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி மறுபடி ஊற்றுங்கள். முட்டை டின்னின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. பூச்சாடித் தட்டு, மழைநீர் பிடிக்கிற பீப்பாய், பழைய டயர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

கரப்பானுக்கு வேண்டியது இருட்டு, ஈரம், எச்சில் பாத்திரம். ராத்திரி பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டுப் படுத்தால், விடியும் வரை அதற்குத் தீபாவளிதான். ஆனால் இந்த வேலையையும் காலையில் நாலு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்த அதே பெண்ணின் தலையில்தான் கட்ட வேண்டுமா? ஆண்கள் கை வைத்தால் பாத்திரம் தேயாதா? சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிற ஆண்பிள்ளைக்கு மீசை உதிர்ந்துவிடாது. இதைச் சங்கக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.

போத்தலில் வந்த எமன்

பூச்சித் தொல்லை தாங்காதபோது மனுஷனுக்குப் பொறுமை போகிறது. “ஸ்டோர்ல இருக்கிற மருந்து ஒரு மூடி கொண்டாந்தா எல்லாம் செத்துப் போயிடும்” என்று வீட்டில் பேச்சு வருகிறது. புல்லுக்கு அடிக்கிற மருந்து புல்லைத்தான் கொல்லும், கரப்பானைக் கொல்வதற்கு அது செய்யப்படவில்லை. ஆனால் மனுஷனைக் கொல்லும்.

பாராகுவாட்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிரமோக்சோன் என்ற பெயரில் தோட்டம் தோட்டமாகப் புழங்கிய களைக்கொல்லி. அதைக் குடித்தால் மாற்று மருந்து கிடையாது. ஒரு வாய் உள்ளே போனால் போதும், நாள் கணக்கில் நுரையீரல் இறுகி மூச்சு அடங்கிவிடும். ஆரம்ப காலத்தில் அது பார்ப்பதற்குக் கறுத்த கோலா மாதிரியே இருந்தது. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைத்ததை, தாகத்தோடு வந்தவர்கள் எடுத்துக் குடித்துச் செத்த சம்பவங்கள் உலகத்தின் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதற்குப் பிறகுதான் நீல நிறமும், நாற்றமும், வாந்தி வரவைக்கிற மருந்தும் அதில் சேர்த்தார்கள்.

நம் நாட்டில் தோட்டங்களில் அதைச் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2002-ல் தெனகானித்தா அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அப்போது தெனகானித்தாவை நடத்தியவர் 2014-ல் மறைந்த அய்ரின் பெர்னாண்டஸ் அம்மையார். மூக்கில் ரத்தம், நகம் அழுகல், கண் எரிச்சல், தோல் புண் என்று பெண்கள் சொன்னதெல்லாம் அதன் பிறகுதான் ஊர் காதில் விழுந்தது. அதே 2002-ல் பாராகுவாட்டுக்குத் தடை என்று அரசாங்கம் அறிவித்தது. 2006-ல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. அறிவித்ததற்கும் நடந்ததற்கும் நடுவில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

தடை வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்காதீர்கள். பாராகுவாட்டுக்குத் தடை வந்தது, போத்தலில் ஊற்றிக் கொண்டுவருகிற பழக்கத்துக்கு வரவில்லை. அதன் இடத்தில் இன்று வேறு களைக்கொல்லிகள் வந்திருக்கின்றன. எதுவும் குடிக்கிற பொருள் அல்ல. மருந்து டின்னில் லேபல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆபத்தைக் காட்டும் நிறப் பட்டை இருக்கிறது, விபத்து நடந்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறது. குளிர்பானப் போத்தலுக்கு மாற்றிய அந்த நிமிஷமே அத்தனையும் போய்விடுகிறது. பிள்ளைக்குத் தெரிவது ஆரஞ்சு படம் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது: “என்ன மருந்து குடிச்சது?”

காலி டின்னும் அப்படித்தான். மருந்து டின்னைக் கழுவிவிட்டோம் என்று தண்ணீர் பிடிக்கவோ அரிசி போட்டு வைக்கவோ எடுத்துவராதீர்கள். மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு ஒரே வாளியில் ஊறவைக்காதீர்கள். வீட்டுக்கு வெளியில் தனி வாளியில் துவையுங்கள். மருந்தடிக்கிற வேலைக்கான கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் முதலாளி கொடுக்க வேண்டியவை. அதற்காகச் சம்பளத்தில் காசு பிடிக்கக்கூடாது என்பது 1994-ம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்.

விஷக் கட்டியும் கூகையும்

அடுத்தது எலி விஷம். செம்பனைக் காட்டில் மரத்தடியில் வைக்கிற மெழுகுக் கட்டி, ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து. எலி தின்றவுடன் சாகாது. சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகும். தவழுகிற பிள்ளை அதைத் தின்றாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஓடி ஆடிக்கொண்டிருக்கும். நாள் கழித்து ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும்போதுதான் வீடு அலறும். இதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். ஆனால் பிள்ளை தின்றது தெரிந்தால்தானே? தின்றது என்று சந்தேகம் வந்தால்கூட, “நல்லாத்தானே இருக்கு” என்று காத்திருக்காமல் கட்டியின் மிச்சத்தையும் உறையையும் எடுத்துக்கொண்டு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. விஷம் தின்ற எலி நாம் பார்க்கிற இடத்தில் சாகாது. கூரைக்குள்ளும் சுவர் இடுக்கிலும் செத்து நாறும். கடுமையான ரகக் கட்டி என்றால், அந்த எலியைத் தின்ற பூனையும் சாகும். எலி பிடிக்க இருந்த ஒரே ஆளையும் நாமே கொன்றுவிட்டு உட்கார்ந்திருப்போம்.

காட்டில் எலி பிடிக்கிற இன்னொரு ஆள் கூகை. மலாய்க்காரர்கள் புங்குக் ஜெலாப்பாங் என்பார்கள். தீபகற்ப மலேசியாவில் அரிதாகத் தென்பட்ட இந்தப் பறவை, 1960களின் கடைசியில் நம் ஜொகூரின் செம்பனைத் தோட்டம் ஒன்றில் குஞ்சு பொரித்தது பதிவானது. பிறகு எண்ணெய்ப்பனை பரவியதோடு அதுவும் பரவியது. இன்று பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து அதற்குக் கூடு கொடுக்கிறார்கள். குஞ்சுகளோடு இருக்கிற ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் எலி பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே கடுமையான ரக விஷம் தின்ற எலியால் கூகைகள் செத்துக் குறைந்ததையும் மலேசியத் தோட்டங்களிலேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நம்மில் சிலர் கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லெடுத்து அடிக்கிறோம். தோழர்களே, சாவைக் கொண்டுவருவது கூகையல்ல, எலி. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலிலுள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போய் வருகிற காய்ச்சலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-லிருந்து இந்த எலிக் காய்ச்சலைச் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் பனடோல் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். கிளினிக்குக்குப் போய், “நான் தோட்டத்து வேலை, வீட்டுல எலி இருக்கு” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும், பிறகு 2023 மார்ச்சிலும் ஜொகூரில் வந்த மாதிரி வெள்ளம் வந்து வடிந்தால், வீடு கழுவும்போது காலில் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஓட்டை யாருடையது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். “நம்ம ஆளுங்களுக்குச் சுத்தம் பத்தாது” என்று அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டுத் தலையாட்டுகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாத் தோட்டங்களில் தமிழர்கள் மலேரியாவில் செத்தார்கள். அப்போதும் கூலிகளின் பழக்கவழக்கம் சரியில்லை என்றுதான் பலர் பேசினார்கள். 1897-ல் இந்தியாவில் ரொனால்ட் ரோஸ் என்ற டாக்டர், மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று கண்டுபிடித்தார். 1901-ல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர், சதுப்பை வடித்து வாய்க்கால் வெட்டிக் காட்டினார். காய்ச்சல் குறைந்தது. பிறகு தோட்டங்களும் வாய்க்கால் வெட்டின, ஓடைகளில் எண்ணெய் தெளித்தன. அந்தச் செலவை யார் செய்தார்கள்? லயத்துப் பெண்களா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் ஓடையைக் கூட்டினார்கள்? தோட்டம்தான் செய்தது. ஏனென்றால் கொசு தோட்டத்து நிலத்தில் வளர்ந்தது, செத்தவன் தோட்டத்துத் தொழிலாளி. எலிக்கும் அதே நியாயம்தானே?

இன்று நியாயம் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. 1990-ம் ஆண்டின் 446-வது சட்டம், தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தைச் சொல்கிறது. அதற்கு முன் 1966-லேயே இதற்கு ஒரு சட்டம் இருந்தது. 446-வது சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள், திருத்தம் 2020 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. தோட்டத்தில் வீடு கொடுக்கிற முதலாளி இலவசமாகப் போதுமான குழாய்த் தண்ணீர் தர வேண்டும், போதுமான மின்சாரம் தர வேண்டும், கட்டடத்தை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும். உடைந்த பலகையும் பெயர்ந்த தரையும் பிரிந்த கூரையும் இதில் அடக்கம். ஆகவே ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கேட்பது பிச்சையல்ல.

எப்படிக் கேட்பது? ஒருவர் தனியாகப் போய் மண்டோரிடம் முணுமுணுத்தால் காற்றோடு போய்விடும். லயத்தில் இருக்கிற எல்லா வீட்டையும் சுற்றி வாருங்கள். எந்த வீட்டில் எங்கே ஓட்டை, எங்கே சாக்கடை அடைப்பு, எத்தனை நாளாக இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, படம் பிடியுங்கள். எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் நிர்வாகத்திடம் கொடுங்கள். வாங்கிக்கொண்டதற்கு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் சங்கத்துக்கு ஒரு நகல், தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு நகல்.

லயத்தில் இன்று நம் பக்கத்து வீட்டில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலிக்குப் பாஸ்போர்ட் தெரியாது. அவர்கள் வீட்டு ஓட்டை அடைபடாமல் நம் வீட்டு எலி போகாது.

“நாங்கள் இன்னும் கொஞ்ச நாளில் டவுனுக்குப் போகப் போறோம், எதுக்கு வம்பு?” என்பவர்களும் உண்டு. போகும் வரை பிள்ளைகள் இந்த வீட்டில்தானே சாப்பிடுகிறார்கள்? டவுனில் மலிவு அடுக்குமாடி வீட்டுக்குப் போனவர்கள் அங்கேயும் குப்பைத் தொட்டி எலியோடுதான் போராடுகிறார்கள். இங்கே நாலு பேரைச் சேர்த்துக் கேட்கப் பழகியவர்கள்தான் அங்கேயும் கேட்பார்கள்.

நம் பங்கு என்ன?

நிர்வாகம் செய்ய வேண்டியதைச் சொன்னேன். நாம் செய்ய வேண்டியதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கடிதத்துக்குப் பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். சின்ன ஓட்டையைக் கம்பிவலையையும் சிமெண்டையும் வைத்து நாமே அடைக்கலாம். எலிப்பொறியில் கருவாட்டுத் துண்டு வைத்துச் சுவர் ஓரமாக வையுங்கள், எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். கோழித் தீனியையும் நாய்ச் சோற்றையும் ராத்திரி வெளியில் விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து லயத்துப் பின்கட்டைச் சுத்தம் செய்தால், ஒரு வீட்டார் ஒரு மாதம் செய்வதை விடப் பலன் தெரியும்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அடுப்படியில் இருக்கிற ஒவ்வொரு போத்தலையும் எடுத்துப் பாருங்கள். லேபல் இல்லாதது, என்னவென்று தெரியாதது, ஸ்டோரிலிருந்து வந்தது எதுவாக இருந்தாலும் பிள்ளை கைபடாத இடத்தில் பூட்டி வைத்து, நாளை பெரட்டுக்குப் போகும்போது ஸ்டோரில் ஒப்படையுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். திட்டுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், சங்கம் கூட நிற்கும். அதன் பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

விஷம் ஸ்டோரில் இருக்கட்டும். எலி காட்டில் கூகையின் வாயில் இருக்கட்டும். அடுப்படியில் நம் பிள்ளைகளும் அவர்களுக்கு வைத்த சோறும் மட்டும் இருக்கட்டும்.